வட்டும் வடமும்

ஜோகூர் பாருவிலிருந்து வடகிழக்கே 40 கிலோமீட்டருக்குச் சற்று அப்பால், ஜோகூர் நதியின் கரையில் அமைந்த கோத்தா திங்கி, 1699-இல் கொலையுண்ட சுல்தான் மஹ்மூதின் சமாதியாலும், முந்தாஹாக் மலையிலிருந்து இறங்கும் அருவியாலும், முன்னே ரப்பரையும் பின்னே செம்பனையையும் நம்பி நின்ற தோட்டங்களாலும் அறியப்பட்ட ஊர். அத்தோட்டங்களில் வந்து குடியேறிய தமிழர்களின் சந்ததியார் இன்றும் இந்த வட்டாரத்தில் வாழ்கிறார்கள். நாம் ஹெங், தெலுக் செங்காட் முதலிய தோட்டப் பெயர்கள் தமிழ்ப் பள்ளிகளின் பெயர்களாக நிலைத்திருக்கின்றன. இப்படிப்பட்ட ஓர் ஊரை முன்னிறுத்தி, கணினியும் அதன் வன்வட்டும் எவ்வாறு இணைந்தன, எவ்வாறு தகவலைக் கொடுத்து வாங்கின என்ற சரித்திரத்தைச் சொல்லப் புகுவது முதலில் விசித்திரமாகத் தோன்றலாம். ஆயினும் அந்தச் சரித்திரம் தென் ஜோகூரின் ஜனங்களை இரண்டு முறை நேராகத் தொட்டிருக்கிறது: 1980-களில், ஜலசந்தியின் அக்கரையிலுள்ள சிங்கப்பூரில் வன்வட்டு ஆலைகள் எழுந்தபோது ஒரு முறை, 2006-இன் கடைசியிலும் 2007-இன் தொடக்கத்திலும், நதி ஊருக்குள் புகுந்து வீட்டுக் கணினியையும் கடைக் கணினியையும் முழுகடித்தபோது மற்றொரு முறை. முன்னதில் பிழைப்புக் கிடைத்ததற்கும், பின்னதில் முழுகியவற்றுள் ஒரு பகுதியையேனும் மீட்க வழியிருந்ததற்கும் ஆதாரமாக நின்றது ஒரே விஷயந்தான்: எவர் செய்த வட்டும் எவர் செய்த கணினியோடும் பொருந்தும்படியாக, இரண்டுக்கும் நடுவே இருந்த இணைப்பு ஒரு பொது உடன்படிக்கையாகிவிட்டிருந்தது.

அந்த உடன்படிக்கை ஆதியில் இல்லை. 1956-இல் ஐ.பி.எம். ஸ்தாபனம் வெளியிட்ட ராமாக் என்னும் யந்திரத்தில், 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் ஒரே அச்சில் அடுக்கப்பட்டு, நிமிஷத்துக்கு 1,200 சுற்று என்ற வேகத்தில் சுழன்றன. மேலும் கீழும் ஏறியிறங்கி, வேண்டிய தட்டுக்கு நேரே நின்று, இரு பக்கமும் தலை நீட்டிப் படிக்கும் ஒரு கரம், அந்த ஐம்பதுக்கும் பொதுவாகப் பணி செய்தது. டன் கணக்கில் எடையுள்ள அந்தப் பெட்டகத்தின் கொள்ளளவு 50 லட்சம் எழுத்துகள். வாடகைக்கு எடுத்தவர் கணினியோடு சேர்த்தே அதை எடுத்தார். வட்டுப் பெட்டகத்தை ஒருவரிடமும் கணினியை வேறொருவரிடமும் வாங்கலாம் என்ற எண்ணத்துக்கே அக்காலத்தில் இடமில்லை. 1964-இல் அதே ஸ்தாபனம் சிஸ்டம் 360 என்ற கணினி வரிசையை அறிவித்தபோது, அவ்வரிசையின் சிறிய யந்திரம் முதல் பெரிய யந்திரம் வரை எல்லாவற்றுக்கும் புறக்கருவிகளை இணைக்கும் வாயில் ஒன்றாகவே இருக்கவேண்டும் என்று தன் சௌகரியத்துக்காகவே விதி செய்தது. விதி ஒன்றானதும் அதைப் பிறரும் கற்றுக்கொண்டார்கள். 1968-இல் மெமோரெக்ஸ் ஸ்தாபனம், ஐ.பி.எம். வட்டுப் பெட்டகத்தைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் மாட்டக்கூடிய தன் பெட்டகத்தைக் குறைந்த விலைக்கு விற்கத் தொடங்கியது. வட்டைத் தனியே செய்து விற்பது ஒரு தொழிலாக உருவெடுத்தது அதன் பிறகே.

அந்தத் தொழிலை மேசைக் கணினியின் அளவுக்கு இறக்கிக் கொண்டுவந்தவர், ஐ.பி.எம்.மிலிருந்து மெமோரெக்ஸுக்குச் சென்று, பின்னர் தம் பெயரிலேயே ஒரு கம்பெனி தொடங்கி, அதையும் விட்டு வெளியேறி, 1979-இல் ஃபினிஸ் கானர் முதலியவர்களோடு இன்னொன்றைத் தொடங்கிய ஆலன் ஷுகார்ட். சீகேட் என்று பிற்பாடு பெயர் மாறிய அந்தக் கம்பெனி 1980-இல் வெளியிட்ட எஸ்.டி.-506 என்ற வட்டு, ஐந்தேகால் அங்குலத் தட்டுகளைக் கொண்டு 5 மெகாபைட் கொள்ளும். அதன் அண்ணனான 10 மெகாபைட் வட்டு 1983-இல் ஐ.பி.எம். பி.சி. எக்ஸ்.டி. கணினியோடு உலகமெங்கும் சென்றது. ஆனால் அந்த வட்டைவிட நீண்ட ஆயுள் வாய்த்தது, அதைக் கணினியோடு பிணைத்த இணைப்பு முறைக்கே.

அம்முறையில் இரண்டு வடங்கள் உண்டு. 34 கம்பிகள் கொண்ட அகன்ற வடம் கட்டளைகளுக்கு. 20 கம்பிகள் கொண்ட குறுகிய வடம் தகவலுக்கு. வட்டுக்குச் சுயபுத்தி என்று ஒன்றும் கிடையாது. தட்டைப் படிக்கும் தலை எந்தத் திசையில் நகரவேண்டும் என்று ஒரு கம்பி சொல்லும். அதன்பின் வேறொரு கம்பியில் எத்தனை துடிப்பு வருகிறதோ அத்தனை வளையம், அதாவது தட்டில் தகவல் பதியும் வட்டப் பாதை, தலை நகரும். எந்தத் தலை படிக்கவேண்டும் என்பதை இன்னும் சில கம்பிகள் குறிக்கும். படித்தது எழுத்தா, எண்ணா, எங்கே தொடங்குகிறது என்பவற்றுள் ஒன்றையும் வட்டு அறியாது. காந்தப் பூச்சில் நேர்ந்த மாறுதல்களை அப்படியே மின்துடிப்புகளாக விநாடிக்கு 50 லட்சம் பிட் வேகத்தில் அனுப்பிவிடும். அவற்றைப் பிரித்துப் பொருள் காண்பது கணினிக்குள் செருகியிருந்த கட்டுப்பாட்டு அட்டையின் பொறுப்பு. வட்டின் முதுகில் ஒட்டியிருந்த சீட்டிலே, எந்தத் தலையில் எந்த வளையத்தில் பூச்சு பழுது என்ற பட்டியலை ஆலையிலேயே அச்சிட்டோ கையால் எழுதியோ அனுப்புவார்கள். கணினியில் மாட்டுகிறவர் அதைப் பார்த்து ஒவ்வொன்றாக விசைப்பலகையில் தட்டி, அந்த இடங்களைத் தொடவேண்டாமென்று அட்டைக்குச் சொல்லவேண்டும்.

இதைவிட நுட்பமான சங்கடம் ஒன்றும் இருந்தது. தட்டு விநாடிக்கு 60 முறை சுற்றும். ஒவ்வொரு வளையமும் 17 துண்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒரு துண்டத்தைப் படித்து வாங்கிய அட்டை அதைக் கணினியிடம் ஒப்படைத்துவிட்டுத் திரும்புவதற்குள் அடுத்த துண்டம் தலையைக் கடந்து போயிருக்கும். அதைப் பிடிக்க இன்னொரு முழுச் சுற்றுக் காத்திருக்கவேண்டும். ஆகையால் ஒன்றையடுத்து இரண்டு என்று எழுதாமல், நடுவே சில துண்டங்களை இடைவெளியாக விட்டு எண்ணிட்டார்கள். எக்ஸ்.டி. கணினியில் ஆறு துண்டத்துக்கு ஒன்றாகவும், அடுத்து வந்த ஏ.டி. கணினியில் மூன்றுக்கு ஒன்றாகவும் அந்த எண்கள் அமைந்திருந்தன. கணினியின் வேகமின்மை வட்டின் மேல் எழுத்தின் வரிசையாகவே பதிந்துகிடந்த காலம் அது. ஒரு கணினியிலிருந்து கழற்றிய வட்டை வேறு வகை அட்டையோடு பூட்டினால் பெரும்பாலும் படிக்காது. அழித்துப் புதிதாக எழுதத் துணிந்தால்தான் பயன்படும். வடத்தின் முனை பொருந்தியது. வட்டிலிருந்த விஷயம் பொருந்தவில்லை.

இருந்தபோதிலும், அந்த அரைகுறைப் பொருத்தமே தொழிலை நாடுவிட்டு நாடு நகர்த்தப் போதுமாயிருந்தது. 1982-இல் சீகேட் சிங்கப்பூரில் உற்பத்தியைத் தொடங்கியது. சில வருஷங்களுக்குள் கலிபோர்னியாவில் செய்த வேலையின் பெரும்பகுதி அங்கே வந்துவிட்டது. கானர் பெரிஃபெரல்ஸ், வெஸ்டர்ன் டிஜிட்டல் முதலிய மற்றக் கம்பெனிகளும் அதே வழியைப் பின்பற்ற, 1980-களின் பிற்பகுதியில் சிங்கப்பூர் உலகிலேயே அதிகமாக வன்வட்டு செய்யும் இடமாயிற்று. குறைந்த கூலி, வரிச் சலுகை, ஆங்கிலம் அறிந்த பொறியாளர்கள், விமான நிலையம் என்று அதற்குச் சொல்லப்படும் காரணங்கள் எல்லாம் வாஸ்தவமே. ஆனால் அவையாவும் பலித்தது, 34 கம்பியும் 20 கம்பியும் எந்த ஆலையில் பூட்டினாலும் அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ உள்ள கணினி அவற்றை ஏற்றுக்கொள்ளும் என்ற நிச்சயம் இருந்தமையால்தான். கணினி செய்கிறவரும் வட்டு செய்கிறவரும் ஒரே கட்டிடத்தில் உட்கார்ந்து பேசவேண்டிய அவசியம் நீங்கினாலன்றி, ஆலை சமுத்திரம் தாண்டாது.

தென் ஜோகூரின் தோட்டங்களில் ரப்பர் மரம் வெட்டிச் செம்பனை நட்ட காலமும், தோட்டத்துப் பிள்ளைகள் பால்மரத்தை விட்டு ஆலை வேலையை நாடிய காலமும் ஏறக்குறைய இதுவே. விடிவதற்கு முன்பே பஸ் ஏறி, 1924-இல் திறந்த ஜோகூர் பாலத்தைத் தாண்டி, இரவு வீடு திரும்பியவர்களும், அக்கரையிலேயே அறையெடுத்துத் தங்கி வாரக் கடைசியில் வந்தவர்களும் இவர்களுள் உண்டு. மின்னணு ஆலைகளில் வரிசையில் அமர்ந்து பூட்டுகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். தூசியில்லா அறைக்குள் நுழையுமுன் தலைமுடி முதல் பாதம் வரை வெள்ளை அங்கியால் மூடி, முகத்தில் பவுடர் கூடப் பூசாமல், உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் மயிரிழைக் கம்பியைத் தலையோடு சேர்க்கும் அந்த வேலையில், கைவிரலின் நிதானமே மூலதனம். தாங்கள் பூட்டிய வட்டு எந்த ஊர்க் கணினியில் சுழலும் என்பது அவர்களுக்குத் தெரியாது; எந்தக் கணினியிலும் சுழலும்படி அதைச் செய்திருந்தார்கள் என்பதுதான் விசேஷம்.

அதற்குள் இணைப்பு முறையும் மாறத் தொடங்கியிருந்தது. வட்டுக்கே புத்தி கொடுத்துவிட்டால் என்ன என்ற யோசனை ஷுகார்ட்டின் பழைய கம்பெனியிலேயே முளைத்து, ஸ்கஸி என்ற பெயரில் 1986-இல் அமெரிக்கத் தர நியமமாயிற்று. அதே சமயத்தை ஒட்டி, காம்பாக் கம்பெனியின் தூண்டுதலால், வெஸ்டர்ன் டிஜிட்டலும் கண்ட்ரோல் டேட்டாவும் கட்டுப்பாட்டு அட்டையின் வேலையை வட்டின் அடிப்பலகைக்கே மாற்றி, அதிலிருந்து 40 கம்பிகள் கொண்ட ஒரே பட்டை வடத்தைக் கணினிக்கு நீட்டின. கடைத்தெருவில் ஐடிஇ என்று வழங்கிய இந்த முறை, 1994-இல் ஏ.டி.ஏ. என்ற பெயரில் நியமமாகப் பதிவு பெற்றது. இனிமேல் தலையை இத்தனை அடி நகர்த்து என்று கணினி சொல்லவேண்டியதில்லை; இன்ன எண்ணுள்ள துண்டம் வேண்டும் என்று கேட்டால் போதும். பழுதான இடத்தை ஒதுக்குவது, தலையை நடத்துவது, துடிப்பிலிருந்து பொருள் காண்பது அனைத்தும் வட்டின் அந்தரங்க விவகாரங்களாயின. அதனால் ஒரு கணினியில் எழுதிய வட்டைக் கழற்றி மற்றொன்றில் மாட்டிப் படிப்பது, பெரும்பாலும் சிக்கலின்றி நடக்கும் காரியமாயிற்று.

ஆனாலும் உடன்படிக்கை செய்தவர்கள் தீர்க்கதரிசிகளல்லர். கணினியின் ஆதார நிரலான பயோஸ், வட்டில் 1,024 வளையங்களுக்கு மேல் எண்ண அறியாதிருந்தது. ஐடிஇ முறையோ 16 தலைகளுக்கு மேல் எண்ண அறியாதிருந்தது. வளையத்துக்கு 63 துண்டம், துண்டத்துக்கு 512 பைட். இருவருக்கும் பொதுவான சிற்றெல்லையைப் பெருக்கிப் பார்த்தால் 52,84,82,304 பைட் வரும். தன்னளவில் ஒவ்வொரு தரப்பும் அதைவிட எவ்வளவோ பெரிய வட்டைக் கையாளக்கூடியதாயிருந்தும், இரண்டும் சேர்ந்தபோது 528 மெகாபைட்டில் முட்டிக்கொண்டு நின்றன. 1990-களின் நடுவில் இதைக் கடந்த பின்னர், துண்டத்தின் எண்ணுக்கு 28 பிட் ஒதுக்கியிருந்தமையால் 137 ஜிகாபைட்டில் மற்றொரு சுவர் எழுந்தது. 48 பிட்டாக விரித்த பிறகே அது விலகியது. ஒவ்வொரு முறையும் பெரிய வட்டை வாங்கிவந்தவர், கணினி அதில் ஒரு பகுதியையே காட்டுவதைக் கண்டு திகைத்தார். குற்றம் வட்டிலுமில்லை, கணினியிலுமில்லை, நடுவே இருந்த பழைய ஒப்பந்தத்தில்.

1990-களின் கடைசியில் ஒரு கணினியைத் திறந்தவர் கண்ட காட்சி இன்றும் பலருக்கு ஞாபகமிருக்கும். சாம்பல் நிறப் பட்டை வடம். அதன் ஓர் ஓரத்தில் முதல் கம்பியைக் காட்டும் சிவப்புக் கோடு. தலைகீழாகச் செருகிவிடாதபடி இருபதாம் ஊசி இல்லாத, அதற்கு நேரே துளையடைத்த முனை. ஒரே வடத்தில் இரண்டு வட்டைத் தொடுத்தால் எது மாஸ்டர், எது ஸ்லேவ் என்று தீர்மானிக்கப் பின்புறத்தில் நகத்தால் பிடுங்கி மாற்றவேண்டிய சின்னஞ்சிறு ஜம்பர். ஜம்பர் இரண்டிலும் ஒரே விதமாக இருந்துவிட்டால் கணினி இரண்டையும் காணாது. வேகத்தைக் கூட்டியபோது, பக்கத்துப் பக்கத்துக் கம்பிகளின் சமிக்ஞைகள் ஒன்றையொன்று கலக்கத் தொடங்கின. ஆகையால் 40 கம்பிகளுக்கு இடையிடையே வெறும் பூமிக்கம்பி 40 சேர்த்து, 80 கம்பி வடம் செய்து, கணினிப் பக்கத்து முனைக்கு நீல நிறமும் மாஸ்டர் முனைக்குக் கறுப்பும் ஸ்லேவ் முனைக்குச் சாம்பலும் கொடுத்தார்கள். விநாடிக்கு 133 மெகாபைட் வரை சென்ற அந்த முறை, அதற்கு மேல் ஏறமுடியாமல் நின்றது.

ஏன் நின்றது என்பது ஆராயத்தக்கது. பதினாறு பிட்டைப் பதினாறு கம்பிகளில் ஒரே சமயத்தில் அனுப்புவது, ஒரே கம்பியில் ஒன்றன்பின் ஒன்றாக அனுப்புவதைவிட வேகமாக இருக்கவேண்டும் என்றுதான் எவருக்கும் தோன்றும். ஆனால் பதினாறு பேர் கைகோத்து ஆற்றைக் கடக்கும்போது, கடைசி ஆள் கரையேறும்வரை முதல் ஆள் நகரக்கூடாது. ஒற்றை ஆளாய்க் கடக்கிறவனுக்கு அந்தத் தளை இல்லை. கம்பிக்குக் கம்பி நேரும் சொற்பக் கால வித்தியாசம், வேகம் ஏற ஏறப் பெருந்தடையாயிற்று. 2003-இல் சந்தைக்கு வந்த சாட்டா முறை, போக ஒரு ஜோடிக் கம்பி, வர ஒரு ஜோடிக் கம்பி, அவற்றைக் காக்க மூன்று பூமிக்கம்பி என ஏழே கம்பிகளில், விநாடிக்கு 150 மெகாபைட்டில் தொடங்கியது. 2009-க்குள் அதன் நான்கு மடங்கை எட்டியது. ஒவ்வொரு வட்டுக்கும் தனி வடம் ஆனபடியால், மாஸ்டரும் ஸ்லேவும் ஜம்பரும் ஒருங்கே ஒழிந்தன.

பட்டை வடமும் ஏழு கம்பி வடமும் கலந்து புழங்கிய அந்த நாட்களில்தான், 2006 டிசம்பரில் ஜோகூர் நதி பெருகிக் கோத்தா திங்கிக்குள் புகுந்தது; சேற்றை வாரிக் கழுவி, நனைந்ததை உலர்த்தி, கடையைத் திறப்பதற்குள் 2007 ஜனவரியில் மீண்டும் புகுந்து, முந்தியதைவிட உயரமாக நின்றது. மாநிலம் முழுவதும் 1 லட்சத்துக்கும் அதிகமானவர்கள் வீடு விட்டு வெளியேற நேர்ந்தது. பாத்திரமும் மெத்தையும் போனதற்கு ஒரு கணக்கு உண்டு. கடையின் பற்று வரவும், பிள்ளைகளின் படங்களும், சங்கத்தின் உறுப்பினர் பட்டியலும் போனதற்குக் கணக்கேது?

சாதாரண வன்வட்டைக் காற்றுப் புகாத பெட்டி என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியன்று, உள்ளழுத்தத்தைச் சமன்செய்ய அதன் மேல்மூடியில் ஊசிமுனையளவு துளை ஒன்று இருக்கும், மூடாதே என்று அதன் அருகே எழுதியும் இருக்கும். தூசியை வடிகட்டும் சல்லடை உள்ளே உண்டென்றாலும், மணிக்கணக்கில் முழுகிக் கிடந்தால் வண்டல் நீர் அதன் வழியாகவே உள்ளே செல்லும். அந்நிலையில் வெயிலில் காயவைத்து மின்சாரம் கொடுப்பதே பெருந்தவறு. உலர்ந்த வண்டல் தட்டோடு ஒட்டிக்கொள்ள, தலைக்கும் தட்டுக்கும் இடையே உள்ள மயிரிழையிலும் மெல்லிய இடைவெளியில் அது அரமாகிவிடும். ஈரத்தோடேயே பையிலிட்டு மூடி, மீட்புத் தொழில் அறிந்தவரிடம் கொடுப்பதே உசிதம். ஆனால் நீர் மேலோடு தொட்டுப் போன கணினிகளில், தாய்ப்பலகை கெட்டாலும் வட்டு பிழைத்திருக்கும்; அதைக் கழற்றி, ஒரு முனையில் ஐடிஇயும் சாட்டாவும், மறுமுனையில் யூஎஸ்பியும் உள்ள மாற்றியில் பொருத்தினால், வேறு எந்தக் கணினியும் அதைப் படித்துக் காட்டும். எந்த ஊரில் எந்தக் கம்பெனி செய்த வட்டு, எந்தக் கணினியில் இருந்தது என்று கேட்கவேண்டிய அவசியமே இல்லை. இருபது வருஷத்துப் பொது நியமத்தின் பலன் இதுபோன்ற வேளையில்தான் பிரத்தியட்சமாகத் தெரியும்.

அதே சமயத்தில் அந்தப் பலனின் எல்லையும் தெரிந்தது. வட்டின் அடிப்பலகை மட்டும் கருகியிருந்தால், அதே மாதிரி வட்டிலிருந்து பலகையைக் கழற்றி மாட்டிப் பிழைக்கவைப்பது முற்காலத்தில் எளிது. தட்டில் எழுத்து நெருங்க நெருங்க, ஒவ்வொரு வட்டின் தலைகளுக்கும் உரிய நுண்ணிய அளவுகளை ஆலையிலேயே கணித்து, அந்தப் பலகையின் ஒரு சில்லில் பதிக்கும் வழக்கம் வந்தது; அந்தச் சில்லையும் பெயர்த்துச் சேர்த்தாலன்றிப் புதுப் பலகை பேசாது. வெளியே எல்லா வட்டும் ஒன்று. உள்ளே ஒவ்வொன்றும் தனி ஜன்மம்.

தொழிலின் ஜாதகமும் இதற்குள் மாறிவிட்டது. கூலி ஏற ஏறச் சிங்கப்பூரிலிருந்து பூட்டும் வேலை பினாங்குக்கும் தாய்லாந்துக்கும் சீனாவுக்கும் நகர்ந்தது. ஜோகூரின் செனாயில், வட்டுக்கு அடித்தளமான அலுமினியத் தகட்டை இழைத்துத் தரும் ஆலை சீகேட்டுக்கு அமைந்தது. 2011 அக்டோபரில் தாய்லாந்தில் வெள்ளம் வந்து, வெஸ்டர்ன் டிஜிட்டலின் ஆலையும் உதிரிபாகம் செய்வோரின் ஆலைகளும் நீரில் நின்றபோது, உலகமெங்கும் வன்வட்டு விலை தாறுமாறாக ஏறியது. எங்கும் செய்யலாம் என்றான பொருள், சில இடங்களில் மட்டுமே செய்யப்படும் பொருளாகச் சுருங்கியிருந்தமை அன்று விளங்கிற்று. 2018-இல் வெஸ்டர்ன் டிஜிட்டல் பெட்டாலிங் ஜெயாவில் இருந்த தன் வன்வட்டு ஆலையை மூடப்போவதாக அறிவித்தது. சுழலும் தட்டின் இடத்தை, சுழலாத சில்லுகள் பிடித்துக்கொண்டிருந்த காலம்.

அந்தச் சில்லுகளுக்கு இணைப்பு முறையும் வேறு. 2011-இல் வெளியான என்விஎம்இ நியமம், தட்டும் தலையும் இருக்கும் என்ற பழைய எண்ணத்தையே உதறி, கணினியின் உள்வழியிலேயே நினைவுச் சில்லைச் சேர்த்தது. வடம் என்று ஒன்றே இல்லை. அடுத்த படியாக, கைப்பேசிகளிலும் மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றிலும் சில்லைப் பலகையோடு ஈயப்பற்று வைத்து, உள்ளிருப்பதைச் சங்கேதமாக்கும் திறவுகோலையும் அதே பலகையில் பூட்டிவிட்டார்கள். திருடனுக்கு எதிராக இது நல்ல காவல். ஆனால் பலகை நீரில் கெட்டால், 2007-இல் ஒரு சாதாரணப் பழுதுக் கடைக்காரர் மாற்றியைக் கொண்டு செய்த காரியத்தை இன்று எவராலும் செய்யமுடிவதில்லை. சரித்திரம் ஒரு சுற்றுச் சுற்றி, ராமாக்கின் நாட்களைப் போல, வட்டும் கணினியும் பிரிக்கமுடியாத ஒரே வஸ்துவாக மீண்டும் ஆகிக்கொண்டிருக்கிறது.

இதற்குப் பரிகாரமாக எல்லாவற்றையும் தூரத்திலுள்ள தரவு மையத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்கிறார்கள். கூலாய் மாவட்டத்துச் செடெனாக்கில் அத்தகைய மையங்கள் வரிசையாக எழுந்து வருகின்றன. அங்கே இன்னும் சுழலும் வட்டுகள் ஏராளம். பழுதானதை நிமிஷத்தில் உருவியெடுத்து வேறொன்றைச் செருகுகிறார்கள். கழற்றி மாட்டும் சுதந்திரம் அழிந்துவிடவில்லை என்பதும், அது வீட்டுக்காரரின் கையிலிருந்து மையத்துக்காரரின் கைக்குப் போய்விட்டது என்பதும் இதிலிருந்து தெளிவு. வேகத்தையும் கொள்ளளவையும் மட்டும் பார்த்துக் கணினி வாங்குகிற நாம், இதன் உள்ளிருப்பதைக் கழற்றி வேறொன்றில் படிக்க வழியுண்டா என்ற கேள்வியையும் கடைக்காரரிடம் கேட்டுப் பழகவேண்டும். இல்லையென்று பதில் வந்தால், பிரதியொன்றை வெளியே கழற்றக்கூடிய வட்டில் எடுத்து, வெள்ளம் எட்டாத இடத்தில் வைக்கவேண்டும்.